வீட்டு எழுத்தறையும் ஏட்டுக் கட்டும்

அலுவலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் வருவன அரசாங்கக் கட்டடமும், வரிசையாய்க் கிடக்கும் மேசைகளும், நாடாவிட்டுக் கட்டிய கோப்புகளுமே. ஆனால் நேயர்களே, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஓர் அலுவலகம் இருக்கத்தான் செய்கிறது. சில வீடுகளில் அது தனியறை. பல வீடுகளில் சன்னலோரத்து மேசை. இன்னும் பல வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடக்கும் ஒரு டிரங்குப் பெட்டியே அது. நிலத்தின் பிரமாணம், தீர்வை ரசீது, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருத்துவர் எழுதித் தந்த சீட்டு ஆகிய யாவும் அங்கேதான் அடைக்கலம் புகுகின்றன. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு, கல்லூரிப் பாடமும் சம்பளத்துக்குச் செய்யும் வேலையுங்கூட அந்த மேசையைத் தேடி வந்துவிட்டன. வேலை பெருகிற்று, மேசை பெருகவில்லை.

இவ்விடத்தைத் தூய்மையாகவும் ஒழுங்காகவும் வைத்துக்கொள்வது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ஒழுங்கு என்று நான் சொல்வது கண்ணுக்கு இனிதாக அடுக்கிவைப்பதை அன்று. அடுக்கிய மேசையிலும் தேடிய தாள் கிடைக்காமற் போவதுண்டு. வைத்தவர் ஊரில் இல்லாதபோதும், வேறொருவர் வந்து தேடினால் வேண்டியது அவர் கையில் அகப்பட வேண்டும். எந்த ஏற்பாடு அதற்கு இடங்கொடுக்கின்றதோ அதுவே ஒழுங்கு. இதற்கு மேனாட்டு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. நம் நாஞ்சில்நாட்டிலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு.

நாகர்கோயிலிலிருந்து வடக்கே, மலையடிவாரத்தை நோக்கிச் சென்றால், தோவாளை வட்டத்தில் அழகியபாண்டியபுரம் என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் வயலும் குளமும் தென்னையும் சூழ்ந்த ஊர். அங்கே பெரியவீட்டு முதலியார் என வழங்கப்பெற்ற குடும்பம் ஒன்று, பல தலைமுறைகளாக நாஞ்சில்நாட்டின் நிருவாகத்தில் பெரும்பொறுப்பு வகித்தது. அக்காலத்தில் அதிகாரிக்கெனத் தனிக் காரியாலயம் கிடையாது. அவர் வீடே காரியாலயம். வீட்டில் இருந்த ஏடுகளே அரசாங்கப் பதிவேடுகள். வேணாட்டரசரிடமிருந்து வரும் நீட்டோலை அவ்வீட்டுக்கு வரும். நிலத்தை விற்றவர் வாங்கியவர் வழக்கு, குளத்து நீரின் பங்கு, வரியின் நிலுவை, ஒற்றிக் கணக்கு ஆகியவை ஓலையில் எழுதப்பட்டு அங்கே தங்கும். மனிதரை மனிதர் விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் அவற்றுள் இருந்தன என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வேடுகளின் அருமையை உணர்ந்தவர் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1876 முதல் 1954 வரை வாழ்ந்த அப்பெரியாரைக் குழந்தைப் பாடல்களின் ஆசிரியராகவே உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். கல்வெட்டிலும் பழைய ஆவணத்திலும் அவருக்கிருந்த ஈடுபாடு கவிதையில் இருந்ததற்குச் சிறிதும் குறைந்ததன்று. அவர் முதலியார் வீட்டு ஓலைகளைப் பார்த்துப் படியெடுத்தார். அவருக்குப் பின் பல்லாண்டு கழித்து, ஆய்வாளர் அ. கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்ற பெயரில் அவற்றை நூலாக்கித் தந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில்நாட்டு நாட்டார், வரிக்கொடுமை பொறாமல், ஊர்தோறும் கூடி எதிர்த்து நின்ற செய்தியை இன்று நாம் பேசுகிறோம். அந்நாளைய ஓலைகளை யாரோ கட்டிவைத்தார்கள்; அதனாலேயே பேசுகிறோம்.

அவற்றைக் கட்டிவைத்த கணக்கர் வரலாற்றுக்காக அதைச் செய்தாரல்லர். நாளைக்கு ஒருவன் வந்து, “இந்த வயல் என்னுடையது” என்று சொன்னால் எடுத்துக்காட்ட ஓலை வேண்டுமே என்ற கவலையினாற் செய்தார். வீட்டு அலுவலகத்துக்கு அக்கவலையே போதிய காரணம்.

ஓர் ஏட்டுக் கட்டு எவ்வாறு அமைந்திருந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பனையோலையை முதலிற் பாடம்பண்ணுவார்கள். அஃதாவது வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மேற்பரப்பை வழுவழுப்பாகத் தேய்த்துக்கொள்வார்கள். ஒரே அளவாக நறுக்கி, இரண்டு துளைகள் இடுவார்கள். ஒரு துளையில் நாராசம் என்னும் உலோகக் கம்பி, மற்றொன்றிற் கயிறு. கயிற்றின் நுனி துளையினின்றும் நழுவாதிருக்க, ஈர்க்கோடு கூடிய ஓலைத்துண்டைக் கிளியின் மூக்குப்போல் வெட்டிக் கட்டுவார்கள். அதற்குக் கிளிமூக்கு என்றே பெயர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துத் துணியிற் பொதிவார்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிய விளக்குக் கரியும் இலைச்சாறும் கலந்து பூசுவார்கள். பூச்சி அணுகாதிருக்க எண்ணெய் தடவுவதும் உண்டு. சில வீடுகளில் ஏட்டுக் கட்டைப் பரணில், அடுக்களைப் புகை படும் இடத்தில் வைத்தார்கள். தாளைப் புகையில் வைக்கச் சொல்கிறேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஓலைக்கு நன்மை செய்த புகை தாளைக் கறுப்பாக்கி நொறுக்கிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது கயிறு. ஒரு கட்டுக்கு ஒரு கயிறு. ஒரு கயிற்றில் ஒரே விஷயம். ஒற்றிக் கணக்கின் நடுவே குளத்துக் கணக்கு நுழையாது. ஓலை முன்பின்னாக மாறாது. நடுவில் ஒன்றை உருவினால் கட்டே காட்டிக்கொடுத்துவிடும். நம் வீட்டு மேசையில் இன்று நடப்பது என்ன? தம்பியின் மதிப்பெண் பட்டியலும், எரிவாயு ரசீதும், திருமண அழைப்பிதழும், பாட்டியின் ஓய்வூதியப் புத்தகமும் ஒரே பிளாஸ்டிக் பையிற் கிடக்கின்றன. பை ஒன்றாயிருக்கிறதே தவிர, கயிறு இல்லை.

காப்பாரற்றுப் போனவற்றின் கதையையும் சொல்லியாக வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகள் ஓம நெருப்பில் இடப்பட்டுப் போயின என்று அங்கிருந்தவர் சொல்லக் கேட்டு நொந்ததை அவர் எழுதியிருக்கிறார். பழுதுபட்ட ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் உண்டு. அவர்கள் தீயவர்களா? அல்லர். இன்னதில் இன்னது இருக்கிறது என்று சொல்லும் ஆள் வீட்டில் இல்லாமற் போயிற்று. சொல்லும் குறிப்பும் இல்லை. பொருள் தெரியாத கட்டு எத்துணைப் பெரிதாயினும் வீட்டாருக்கு அது குப்பையாகத்தான் தோன்றும்.

இனி நம் மாவட்டத்தின் இயல்புக்கு வருவோம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தருகிறது. வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தருகிறது. நெல்லுக்கு அது வரம். தாளுக்கு அதுவே பகை. ஆனியிலும் ஆடியிலும், பின்னர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும், சுவர் ஈரம் உறிஞ்சும். ஈரக்காற்றில் பூசணம் பூக்கும். சுவரோடு ஒட்டி அலமாரியை நிறுத்தினால் பின்பக்கத்துக் கோப்புகள் முதலிற் கெடுவது இதனாலேயே. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து ஒரு சாணேனும் உயர்த்தி வையுங்கள். கறையான் மண்ணிலிருந்து சிறு மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுவது. இடைவெளி இருந்தால் அதன் பாதை கண்ணுக்குப் புலப்படும், தட்டிவிடலாம். இராமபாணம் என்னும் பூச்சிக்கோ இருளும் ஈரமும் பசையும் வேண்டும். புத்தக முதுகிலுள்ள பசை அதற்கு விருந்து. திறந்து, உதறி, காற்றுப்படச் செய்வதைவிட நல்ல மருந்து அதற்கில்லை. கடுவெயிலில் மட்டும் காயப் போடாதீர்கள். மையும் மங்கும், தாளும் முறுகும்.

தஞ்சைச் சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கருப்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து ஏடுகளினிடையே வைக்கும் வழக்கம் உண்டு. நம் வீட்டு அலமாரிக்கும் அம்முடிச்சு ஏற்றதே. ஆண்டுக்கு இருமுறையேனும் மாற்றினாலன்றிப் பயனில்லை. மணம் போன பொடிக்குப் பூச்சி அஞ்சாது.

கடற்காற்று வீசும் ஊர்களில் குண்டூசி விரைவில் துருப்பிடிக்கும். துரு தாளில் இறங்கிப் பழுப்பு ஓட்டை போடும். ரப்பர் வளையம் வெயிலுக்கு இளகிப் பத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாய் இறுகிய பிளாஸ்டிக் உறையோ உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. இம்மூன்றுக்கும் மாற்றாகப் பழைய பருத்தி நூற்கயிறும் தடித்த தாளுறையும் இருக்கின்றன, விலையும் குறைவு.

மேசையைப்பற்றி நீண்ட உபதேசம் வேண்டியதில்லை. இன்று செய்யும் வேலைக்குரியது மட்டுமே மேசைமேல் இருக்கட்டும். இந்த மாதத்தில் முடிய வேண்டியவை கைக்கெட்டும் ஓர் அறையில். முடிந்து ஓய்வெடுப்பவை அலமாரியில். இரவு எழுமுன் மேசையை வெறுமையாக்கிவிட்டு எழுபவனுக்குக் காலையிற் படிக்க உட்காருவது எளிதாகிறது. தேநீர்க் கோப்பையை எழுதும் மேசையில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாகாது என்று சொன்னால் எவரும் கேட்கப்போவதில்லை. ஆதலால், மூலப் பத்திரம் விரித்திருக்கும்போது மட்டுமாவது வைக்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வேண்டாததை நீக்குவதுதான் பலருக்கு முடியாத காரியமாக இருக்கிறது. நம் மாவட்டத்தில் நவராத்திரியை அறியாதார் யார்? பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலம் நம் சாலைகளின் வழியாகவே செல்கிறது. சரசுவதி பூசையன்று வீடுதோறும் நூல்களைத் துடைத்து அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். துடைக்கிறோமேயன்றித் திறந்து பார்க்கிறோமா? சென்ற ஆண்டு பொட்டிட்ட அதே பழுதான கட்டுக்கு இவ்வாண்டும் பொட்டு இடுகிறோம். அந்நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைப் பிரித்துப் பார்க்கும் நாளாக ஒவ்வொரு வீடும் வைத்துக்கொண்டால் நன்று. எதை நீக்கலாம் என்பதற்கு ஒரு கேள்வி போதும்: இது தொலைந்தால் திரும்பப் பெற முடியுமா, பெற முடியாவிட்டால் எவருக்கு நட்டம்? நட்டம் எவருக்கும் இல்லையென்றால் நீக்குங்கள். நிலப் பிரமாணம், சான்றிதழ், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை இக்கேள்விக்கே அப்பாற்பட்டவை. முன்னோர் கையால் எழுதிய கடிதங்களையும் அவ்வரிசையிற் சேர்ப்பேன். அது என் பிடிவாதம் என்றே கொள்ளுங்கள்.

பிரமாணங்களைப்பற்றித் தனியே சொல்லக் காரணம் உண்டு. நாஞ்சில்நாட்டில் மருமக்கள்வழி வழக்கம் நிலவிய நாளில், ஒருவர் தேடிய பொருள் அவர் பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. அதனால் எழுந்த வழக்குகளையும் குடும்பங்கள் அடைந்த துயரையும் கவிமணி ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலில் நகைச்சுவையோடு பாடினார். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அம்முறைக்கு முடிவு தேடிற்று. ஆயினும், பழைய பாகப் பத்திரங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஒரு வயலின் உரிமையை ஆராயப் புகுந்தால் அக்காலம் வரை பின்னோக்கிச் செல்ல நேரிடுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை இப்பகுதி திருவிதாங்கூரோடும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தமையால், அப்பத்திரங்களிற் பல மலையாளத்தில் உள்ளன. ஆண்டும் கொல்லம் ஆண்டாகவே இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையிலான தேதியாயின் 824-ஐக் கூட்ட வேண்டும். மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது கொல்லம் 1132-இல். பத்திரத்தின்மேல் எழுதாமல், அதன் உறைமேல் இரண்டு ஆண்டுகளையும் பென்சிலாற் குறித்துவையுங்கள். பின்னால் வருபவருக்கு அரைநாள் வேலை மிச்சம்.

மூலமும் படியும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த செய்தி. பெரியபுராணத்தில் நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர் ஆளோலை காட்டியதும், மணமகன் அதைப் பிடுங்கிக் கிழித்ததும் உங்களுக்குத் தெரியும். கிழிந்தது படியோலை, மூலவோலையை அவர் தனியே வைத்திருந்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அதோடு அமைந்தார்களா? பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்துக் கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். பக்தியைச் சொல்ல வந்த கதை, நல்லதோர் ஆவணக் காப்பகம் எப்படி வேலை செய்யும் என்பதையும் போகிறபோக்கில் காட்டிவிடுகிறது.

நமக்கு வழக்கைவிட வெள்ளம் அண்மையில் உள்ள அபாயம். 2015 டிசம்பரிற் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டிவந்தது. நம் மாவட்டத்தில் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருமழை பெய்து தாழ்ந்த இடங்களில் நீர் புகுந்தது. தரையில் வைத்த பெட்டிதான் முதலில் நனையும். ஆதலின், மூலப் பத்திரங்கள் கையிலெடுத்துக்கொண்டு ஓடக்கூடிய ஒரே பையில், ஆள் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். படிகளை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். சான்றிதழ்களைச் சூடேற்றிப் பிளாஸ்டிக்கினுள் ஒட்டிவிடும் ‘லாமினேஷன்’ பலருக்கு விருப்பமாயிருக்கிறது. ஒருமுறை ஒட்டினால் தாளைக் கேடின்றிப் பிரிக்க இயலாது. மூலச் சான்றிதழுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நனைந்துவிட்டால் என் செய்வது? பதறிப் பிரிக்காதீர்கள், ஈரத்தாள் கிழியும். நீரை வடியவிட்டு, உறிஞ்சும் தாளை இடையிடையே வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். இரண்டு நாளுக்குள் உலராவிடிற் பூசணம் தொடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கணினியும் கைப்பேசியும் இத்தொல்லைகளையெல்லாம் தீர்த்துவிட்டன என்று மாணவர் சிலர் எண்ணுவதுண்டு. கறையான் தீர்ந்தது உண்மை; கயிறில்லாத கட்டு தீரவில்லை. ‘புதியது’, ‘புதியது இரண்டு’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயரிட்ட கோப்புகளில் எது கடைசி என்பதை எழுதியவரே ஒரு மாதம் கழித்துச் சொல்ல மாட்டார். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணை முதலிலும், பொருளைப் பின்னும் எழுதிப் பெயரிட்டால், கணினியே அவற்றைக் கால வரிசையில் நிறுத்தும். ‘2024-06-12 தீர்வை ரசீது’ என்பது போல. அரசு 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் சான்றிதழ்களைப் பெற்றுவைத்துக்கொள்ள வழியுண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆயினும் ஒரு கருவியை மட்டும் நம்பியிராதீர்கள். கைப்பேசி நீரில் விழுந்தால் அதனுள்ளிருந்த படமும் உடன் மூழ்கும்.

திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியில் 2022-இன் இறுதியிற் கேரள அரசு ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. அங்கே வைத்திருப்பவற்றிற் பெரும்பகுதி காவியமன்று. நிலக் கணக்கும், வரிக் கணக்கும், அரசாணையுமே. கல்லூரிச் சுற்றுலாவாகத் திருவனந்தபுரம் செல்வோர் விலங்குக் காட்சிச் சாலையோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்து வாருங்கள். கட்டும் சட்டமும் கயிறும் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லிக் கேட்பதைவிடக் கண்ணாற் காண்பது நன்று.

எல்லாம் அடுக்கி முடிந்தபின் ஒரு வேலை மீதி இருக்கிறது. முழுத்தாள் ஒன்றில் எந்தத் தட்டில் எந்தக் கட்டு, அதில் என்ன இருக்கிறது என்று எழுதி, தேதியிட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். இதை எழுதும்போது வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். பிரமாணத்தில் வயலுக்கு ஒரு பெயர் இருக்கும். ஊரார் வழங்கும் பெயர் வேறாக இருக்கும். எல்லையாகக் குறித்த மரம் இப்போது இராது. அது நின்ற இடம் தாத்தாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் சொல்லச் சொல்ல இரண்டு பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், மரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.